பீ0420 காட்டும் பழைய கார்: கொன்வேட்டரை உடனே மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – விசுவமடு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு வவுனியாவில் ஒருவரிடமிருந்து 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பான விற்ஸ் கார் ஒன்றை வாங்கினோம். மூன்று சிலிண்டர், 1000 சீசீ எஞ்சின். வாங்கப் போனபோது டாஷ்போர்ட்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாட்கள் ஓடியதுமே எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானர் போட்டுப் பார்த்தவர்கள் பீ0420 என்ற குறியீடு வருவதாகவும், அது புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிற்றிக் கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டுவதாகவும் சொல்லிக் குறியீட்டை அழித்துவிட்டார்கள். விளக்கு மறுபடியும் எரிந்தது. அப்போது வீட்டில் வசதியில்லாததால் அப்படியே ஓடிக்கொண்டிருந்தோம்.

இப்போது நிலைமை மோசமாகியிருக்கிறது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வெறும் வீதியாக இருந்தாலும் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் கார் ஏற மறுக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் சிறிது நேரம் நடுங்குகிறது. நிறுத்தும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. பெற்றோலும் முன்பைவிட அதிகம் குடிக்கிறது.

ஒரு கராஜில், கொன்வேட்டரின் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் பெட்டியாக வெல்டிங் செய்து தருவதாகவும், செலவு குறைவென்றும், இழுவையும் கூடும் என்றும் சொல்கிறார்கள். இன்னொரு கராஜில் புதிது போட்டால்தான் சரிவரும் என்கிறார்கள். அவர்கள் சொன்ன விலை என்னுடைய பல மாதச் சம்பளம். கொன்வேட்டர் உண்மையிலேயே பழுதா என்பதை எப்படி உறுதி செய்வது, மாற்றத்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் – மாங்குளம் மெக்கானிக்

வணக்கம் தங்கச்சி. இரண்டு கராஜ்காரரும் தீர்வு சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தக் கொன்வேட்டர் எதனால் பழுதானது என்று இருவருமே பார்க்கவில்லை. கொன்வேட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அதனைக் கொல்லும் காரணம் எஞ்சினில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதிதைப் போட்டால், நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய புதிதும் அதே வழியில் போய்விடும். ஆகவே கடைசியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்யாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த உலோகப் பெட்டிக்குள் தேன்வதைபோல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கிறது. அதன் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கட்டி ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பிறகே வேலையைத் தொடங்கும். புகையில் வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத பெற்றோலையும் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும், நைதரசன் ஒட்சைட்டுகளைச் சாதாரண நைதரசனாகவும் மாற்றுவதே அந்த வேலை. இதற்கு எதிரிகள் மூன்று. முதலாவது மிஸ் அடிக்கும், அதாவது பெற்றோல் சரியாக எரியாமல் விடும் எஞ்சின். ஒரு சிலிண்டரில் எரியாமல் வந்த பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் எரிந்தால், அதன் வெப்பம் ஆயிரம் பாகையைத் தாண்டிப் பீங்கானை உருக்கிவிடும். இரண்டாவது ஒயில். எரிந்து வரும் ஒயிலில் உள்ள பொசுபரசும் நாகமும் (துத்தநாகம்) பூச்சின்மேல் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். மூன்றாவது, எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் காஸ்கட் கசிந்து ரேடியேற்றர் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) எரிவது. பழைய காலத்தில் பெற்றோலில் இருந்த ஈயமும் பெரிய எதிரியாக இருந்தது; நம் நாட்டில் 2002இலேயே ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

காலையில் எஞ்சின் நடுங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு பெற்றோல் நேரே கொன்வேட்டருக்குப் போகிறது என்பதுதான் பொருள். ஆகவே முதலில் மூன்று பிளக்குகளையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். வெளிறிய பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் ஈரமான கறுப்பாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அந்தச் சிலிண்டருக்குள் ஒயில் வருகிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம் போகிறது அல்லது பிளக்குக்கு மின் தரும் கொயில் நன்றாகப் பொறி தருவதில்லை. கொயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போட்டு, மிஸ் அடிக்கும் சிலிண்டரும் கூடவே மாறுகிறதா என்று ஸ்கானரில் பாருங்கள். மாறினால் குற்றம் கொயிலில்தான். ஒயில் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வைத்து, ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் திரும்பப் பாருங்கள்.

அடுத்ததாக, புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொன்வேட்டருக்கு முன்போ அதனை அடுத்தோ ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். கொன்வேட்டருக்குப் பின்னால் இருந்து புகையின் ஒட்சிசனை அளக்கும் சென்சர் அதனால் ஏமாந்து, நல்ல கொன்வேட்டரைப் பழுது என்று காட்டிவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் பின்வாயில் காற்றூதியால் மெதுவாகக் காற்றை அனுப்பிவிட்டு, மூட்டுகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் சவர்க்கார நீரைத் தெளித்தால் ஓட்டையுள்ள இடத்தில் குமிழி வரும். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி தெரிந்தாலும் அதுவே அடையாளம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஓட்டை இல்லை, மிஸ்ஸும் இல்லை என்றான பிறகே சென்சர் அளவுகளைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்துக்கொண்டு, ஸ்கானரில் பின் சென்சரைக் கவனியுங்கள். நல்ல கொன்வேட்டரில் அது 0.6, 0.7 வோல்ற்று அளவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்; செயலிழந்ததில் 0.1இற்கும் 0.9இற்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள சென்சர் வேறு வகையானதாக இருக்கலாம், அதன் அளவை இந்த வோல்ற்றுக் கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இழுவை இல்லை என்பதற்கு இன்னொரு சோதனை தேவை. அது அடைப்பைக் காட்டும். முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். சும்மா ஓடும்போது ஒரு பீஎஸ்ஐ அளவிலும், 2500 சுற்றில் மூன்றுக்குள்ளும் நின்றால் அடைப்பில்லை. அதைத் தாண்டி ஏறினால் புகைக்குப் போக வழியில்லை என்று பொருள். அதே துளையால் சிறிய ஒளிக்கமெராவை விட்டுப் பார்த்தால் பீங்கான் உருகியிருப்பதையும் கண்ணாலேயே காணலாம்.

வெறும் பெட்டியாக்கும் வேலைக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நீங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்பவராக இருக்கலாம். கொன்வேட்டர் இல்லாத காரின் புகையில் காபனோரொட்சைட்டு மிக அதிகமாக இருக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. பின்னால் ஒரு சிறு கசிவு இருந்து, கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டு ஓடினால், உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும்வரை எதுவும் தெரியாது.

பதில் – வவுனியா உதிரிப்பாகம்

மெக்கானிக் அண்ணர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வாங்கும்போது விளக்கு எரியவில்லை, ஓட்டத் தொடங்கியதும் எரிந்தது என்பது, விற்பதற்குச் சற்று முன் குறியீடு அழிக்கப்பட்டிருக்கலாம் என்று நினைக்க வைக்கிறது. பீ0420 ஒரே ஓட்டத்தில் வருவதில்லை. கணினி தன் சோதனையைச் செய்து, அடுத்த ஓட்டத்திலும் அதே முடிவு கிடைத்தால்தான் விளக்கை எரிய விடும். இதற்கு ஒரு தற்காப்பு இருக்கிறது. குறியீடுகளை அழித்தால், சாதாரண ஸ்கானரிலேயே “தயார்நிலை” என்ற பக்கத்தில் கட்டலிஸ்ற் (கொன்வேட்டர்) சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும். கார் வாங்கப் போகிறவர்கள் விளக்கைப் பார்ப்பதோடு நிற்காமல் இந்தப் பக்கத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரே கார் பல கைகள் மாறியிருக்கிறது. எந்தக் கையில் என்ன நடந்தது என்பதைக் காகிதங்கள் சொல்லாது.

இன்னொன்று: காரின் அடியில் குனிந்து, கொன்வேட்டரின் வயிற்றில் நீளவாக்கில் கையால் போட்ட வெல்டிங் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட கோடு சீராக இருக்கும். யாரோ திறந்து மூடியிருந்தால் கோடு தடித்தும் வளைந்தும் தெரியும். உள்ளே இருந்த பீங்கானை உலோகத்துக்காக எடுத்து விற்றுவிட்டு வெறும் பெட்டியைப் பொருத்திய கார்கள் சந்தையில் உண்டு.

பதில் – விசுவமடு ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கிளிநொச்சியில் ஒரு கராஜில் இங்கே எழுதியதைக் காட்டி, அதே ஒழுங்கில் பார்க்கச் சொன்னேன். நடுச் சிலிண்டரின் பிளக் காய்ந்த கரியாக இருந்தது. மற்ற இரண்டும் நன்றாகவே இருந்தன. கொயிலை முதலாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டபோது மிஸ்ஸும் அங்கே போனது. புகைக்குழாயில் ஓட்டை இல்லை. அழுத்தம் 2500 சுற்றில் ஐந்து பீஎஸ்ஐயைத் தாண்டியது. கமெராவில் பார்த்தபோது பீங்கானின் ஒரு பக்கத் துளைகள் உருகிக் கண்ணாடிபோல் பளபளத்து ஒன்றாக அடைபட்டிருந்தன. மறுபக்கம் கறுப்பாக இருந்தாலும் துளைகள் தெரிந்தன. அடியில் கைவேலை வெல்டிங் எதுவும் இல்லை. ஆகவே கொன்வேட்டர் போய்விட்டது என்பது உறுதி. கொயிலையும் மூன்று பிளக்குகளையும் மாற்றிவிட்டோம், நடுக்கம் நின்றுவிட்டது. இனி எதை வாங்குவது? சுத்தம் செய்யும் மருந்து ஊற்றினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். பின் சென்சருக்கு ஒரு புஷ் போட்டால் விளக்கு எரியாது என்று வேறொருவர் சொன்னார்.

பதில் – வவுனியா உதிரிப்பாகம்

உருகிய பீங்கானை எந்த மருந்தாலும் திரும்பத் திறக்க முடியாது. மருந்து அதிகபட்சம் மேலே படிந்த கரியைச் சிறிது எரிக்கும், அவ்வளவுதான். அமிலத்திலோ தின்னரிலோ ஊற வைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்டால், மிஞ்சியிருக்கும் பூச்சும் கெட்டுப்போகலாம்.

புஷ் என்பது பின் சென்சரைக் குழாயிலிருந்து சற்று வெளியே தள்ளி வைத்து, அதற்குப் போகும் புகையைக் குறைக்கும் சிறு உலோகத் துண்டு. அது கணினியை ஏமாற்றும். அடைபட்ட குழாயைத் திறக்காது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையில், பெற்றோல் வாகனங்களின் குழாய் முனையிலிருந்தே காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். அந்த அளவைப் புஷ் மாற்றாது.

வாங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்தின் புதிய அசல் கொன்வேட்டர் மிகச் சிறந்தது, விலைதான் தடை. பிற நிறுவனங்கள் தயாரிக்கும் புதிய மலிவுப் பாகம் இரண்டாவது. வெளியில் பளபளப்பாக இருக்கும், ஆனால் மலிவானவற்றில் உள்ளே பூசிய உலோகத்தின் அளவு குறைவாக இருப்பதால் சில மாதங்களில் பீ0420 திரும்பி வந்துவிடுகிறது. அந்த விலைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது, ஜப்பானில் கழித்த கார்களிலிருந்து வரும் பாவித்த அசல் பாகம். உங்கள் நிலையில் நான் இதைத்தான் தேடுவேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இவை கிடைக்கும், வவுனியாவிலும் சிலர் எடுத்துத் தருவார்கள்.

பாவித்ததை வாங்கும்போது கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தின் முற்பகுதியையும் காட்டி, அதே மாதிரிக்கு உரியதுதானா என்று உறுதி செய்யுங்கள். விற்ஸ் என்ற பெயரிலேயே வெவ்வேறு எஞ்சின்கள் உள்ளன, குழாயின் வளைவும் சென்சர் துளையின் இடமும் வேறுபடும். ஒரு முனையில் ரோர்ச் அடித்து மறுமுனையால் பார்த்தால் கட்டி முழுவதிலும் சீராக வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருளாக இருந்தால் வேண்டாம். உள்ளங்கையால் தட்டிக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று ஓசை வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. மங்கிய சாம்பல் அல்லது வெளிறிய பழுப்பு நிறம் நல்லது. வெள்ளைப் படிவு இருந்தால் அந்தக் கார் கூலன்ற் எரித்த கார். சென்சர் போட்டுப் பார்த்து விளக்கு எரிந்தால் திருப்பி எடுக்க வேண்டும் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கழற்றிய பழையதைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். உருகியிருந்தாலும் அதற்குள் பிளாற்றினமும் பலேடியமும் ரோடியமும் இருக்கின்றன. பழைய இரும்பின் நிறைக்கு அதைக் கொடுத்தால் உங்களுக்குத்தான் நட்டம். பெட்டியில் பொறித்த இலக்கத்தைப் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். புதிதின் செலவில் ஒரு பங்கு அதிலிருந்தே கிடைக்கும்.

பதில் – ஒட்டுசுட்டான் விவசாயி

நான் மெக்கானிக் இல்லை, ஆனால் நம் பகுதியில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். காலபோக அறுவடை நேரத்தில் வீதியோரமெல்லாம் நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் கார் ஏறும்போது வைக்கோல் அடியில் சுற்றிக்கொள்கிறது. கொன்வேட்டரின் வெளிப்புறமே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அடைபட்டதாகவோ மிஸ் அடிப்பதாகவோ இருந்தால் இன்னும் அதிகம். அந்தச் சூட்டோடு காய்ந்த புல்லில் நிறுத்தினால் தீப்பற்றுவதற்கு நேரம் எடுக்காது. வயலுக்கோ குளக்கட்டுக்கோ போனால் வெறும் மண்ணில் நிறுத்துங்கள், இறங்கியதும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கொன்வேட்டருக்கு மேலும் கீழும் இருக்கும் தகரத் தடுப்பை, ஆணி கழன்று சத்தம் போடுகிறது என்று பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். அது சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது, புதிதாக ஆணி போட்டு இறுக்க வேண்டும். மாரியில் வீதிக்கு மேலாக வெள்ளம் பாயும்போது சூடான காரை நீரில் இறக்குவதும் பீங்கானுக்குக் கேடு.

பதில் – மாங்குளம் மெக்கானிக்

ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆசிரியைக்கு, பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் அருகில் நின்று பார்க்கலாம்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நட்டுகள் சூட்டில் காய்ந்து இறுகியிருக்கும் என்பதால் முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடச் சொல்லுங்கள். அவசரப்பட்டுத் திருகி ஸ்ரட் (நட்டு ஏறும் ஆணி) முறிந்தால், ஒரு மணித்தியால வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். ஜக்கில் மட்டும் காரைத் தூக்கி எவரும் அடியில் போகக்கூடாது, ஸ்ராண்ட் கட்டாயம். சென்சர்களைப் பிளவுள்ள சொக்கற்றால்தான் கழற்ற வேண்டும்; வயரை முறுக்கினால் அறுந்துவிடும். காஸ்கட்டும் நட்டுகளும் புதிதாகப் போட வேண்டும். பழைய காஸ்கட்டை வைத்து, கசியாமல் இருக்கச் சிலிக்கோன் பூசுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிலிக்கோன் ஆவி சென்சரையும் புதுக் கொன்வேட்டரையும் நஞ்சூட்டும், அனுமதிக்காதீர்கள். சென்சரின் மரையில் பூசும் பசை அதன் முனையில் படக்கூடாது. எங்காவது வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உருகிய பீங்கானின் துண்டுகள் உடைந்து பின்னால் சைலன்சருக்குள் போயிருக்கலாம். அதனையும் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல் மூடிவிட்டால் இழுவை முழுதாக வராது.

பொருத்தியபின் முன்போலவே அழுத்தத்தை அளந்து பாருங்கள். முதல் சில நிமிடங்கள் பூசிய எண்ணெய் எரிந்து புகையும் நாற்றமும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, கணினி தன் சோதனையைச் செய்து முடிக்கும்படி ஓட வேண்டும். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் அந்தச் சோதனை முடியாது. ஏ9 வீதியில் மாங்குளத்திலிருந்து ஓமந்தைப் பக்கம், போக்குவரத்துக் குறைந்த காலை நேரத்தில், வீதிச் சட்டத்துக்கு உட்பட்டு 60 கிலோமீற்றருக்குக் குறையாத சீரான வேகத்தில் இடைநிறுத்தாமல் ஓடினால் போதும். அடுத்த நாளும் அப்படி ஓடிவிட்டு ஸ்கானரில் தயார்நிலைப் பக்கத்தைப் பாருங்கள். கட்டலிஸ்ற் சோதனை முடிந்தது என்று காட்டி, குறியீடும் இல்லாமல் இருந்தால் வேலை சரி.

இனிமேல் எப்போதாவது ஓடும்போது எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால், அது மிஸ் கடுமையாக அடிக்கிறது என்ற எச்சரிக்கை. உடனே காலைத் தளர்த்தி ஓரமாக நிறுத்துங்கள். “கராஜ் பக்கத்தில்தானே” என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போனால், அந்தச் சில கிலோமீற்றருக்குள்ளேயே புதிய பீங்கானும் உருகிவிடும்.

பதில் – விசுவமடு ஆசிரியை

வவுனியாவில் அதே எஞ்சினுக்குரிய பாவித்த கொன்வேட்டர் ஒன்றைக் கண்டுபிடித்தோம். ரோர்ச் அடித்துப் பார்த்தபோது முழுவதும் சீராக வெளிச்சம் வந்தது, பற்றுச்சீட்டில் நிபந்தனையையும் எழுதித் தந்தார்கள். அண்ணர் சொன்னபடியே சைலன்சரைத் தட்டியபோது பீங்கான் துண்டுகள் கைநிறைய விழுந்தன. இப்போது 2500 சுற்றில் அழுத்தம் இரண்டு பீஎஸ்ஐயைத் தொடவில்லை, பின் சென்சர் 0.65 வோல்ற்றில் நிற்கிறது, தயார்நிலையும் முடிந்துவிட்டது. ஒயில் அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அதன் முடிவையும் இங்கேயே எழுதுகிறேன்.